கடைமடைக்கு எண்ணெய் போகாது: சூட்டில் காய்ந்த நீள முடியை என்ன செய்யலாம்?

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பல வீடுகளில் ஒரே புகார் கேட்கும். கல்யாணத்துக்கென்று ஸ்ட்ரெய்ட்டனர் வைத்து நீட்டிய முடி, இரண்டு மூன்று மாதத்தில் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை, நுனி பிளந்து நிற்கிறது, பின்னினால் சடையைச் சுற்றிலும் பிசிறு. உடனே நாலு பக்கத்திலிருந்தும் யோசனை வருகிறது. பார்லரில் கெரட்டின் போடச் சொல்கிறார்கள். பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார். போனில் வரும் வீடியோ அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றச் சொல்கிறது. மருந்துக் கடையில் சீரம் எடுத்து நீட்டுகிறார்கள்.

இவற்றில் எதைக் கேட்பது என்று குழம்புவது இயல்பு. முடி என்பது என்ன பொருள், சூடு அதை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், எந்த யோசனை எதுவரை உதவும் என்பதை நாமே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

## முடி உயிருள்ளது அல்ல

தலைத்தோலுக்குள் இருக்கும் முடிவேர் மட்டும்தான் உயிருள்ளது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி, நகத்தைப் போல, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. வெட்டினால் வலிக்காததற்குக் காரணம் அதுதான். காயம் பட்ட தோல் தானாக ஆறும். காயம் பட்ட முடி ஆறாது. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "சேதமான முடியைப் பழையபடி ஆக்கும்" என்று எந்தப் புட்டியில் எழுதியிருந்தாலும், அது பூசி மறைக்கும் வேலையையே சொல்கிறது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரை வளரும். இடுப்பைத் தொடும் 80 செ.மீ. சடை என்றால், அதன் நுனி ஐந்தாறு வருடத்துக்கு முன் தலையிலிருந்து முளைத்தது. பிளஸ் டூ படித்தபோது முளைத்த முடி, கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அத்தனை வருட வெயில், சோப்பு, சீப்பு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் பார்த்த பழைய துணி அது. வேருக்குப் பக்கத்தில் இருப்பதோ போன மாதம் நெய்தது. ஒரே சடையில் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நாம் பொதுவாகச் செய்யும் தவறு.

ஒரு முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கியமாக இரண்டு பகுதி தெரியும்.

1. வெளிப்படலம். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள். இவை படிந்து கிடந்தால் முடி வழுக்கும், பளபளக்கும். தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும். இதன் மேல் மிக மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று ஒட்டியிருக்கும். பிளீச், சாயம் போன்ற காரமான ரசாயனங்கள் அதை அரித்துவிட்டால் திரும்ப வராது.

2. உள்தண்டு. முடியின் பலம் இங்கேதான். கெரட்டின் இழைகள் முறுக்கிய கயிறு போல் நெருங்கிக் கிடக்கும். அவற்றை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டாலே விட்டு, காய்ந்ததும் மறுபடி சேரும். கந்தகப் பிணைப்பு உறுதியானது. அதை உடைக்கக் கடுமையான ரசாயனமோ சூடோ வேண்டும்.

இனி எண்ணெய்ப் பசை. தலைத்தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய் முடியின் மேல் மெல்ல இறங்கி வரும். குட்டை முடி என்றால் நுனிவரை வந்துவிடும். நீள முடிக்கு வராது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைமடை வயலுக்கு வந்து சேருவதற்குள் வற்றிவிடுகிறதே, அந்த மாதிரிதான். தலை பிசுபிசுவென்று இருக்கும், நுனி காய்ந்து கிடக்கும். நீள முடிக்காரர்களின் கஷ்டம் பெரும்பாலும் இந்தக் கடைமடைக் கஷ்டம்.

## சூடு எந்த இடத்தில் கெடுக்கிறது

ஸ்ட்ரெய்ட்டனர் தகடுகள் பொதுவாக 150 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு சூடு என்பது புரியும்.

காய்ந்ததாகத் தோன்றும் முடிக்குள்ளும் கொஞ்சம் ஈரம் எப்போதும் உண்டு. அந்த ஈரம்தான் முடியை வளையவிடுகிறது. மிதமான சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டும் விட்டுச் சேர்ந்து, முடி நேராக நிற்கும்; அடுத்த தலைக்குளியலில் பழைய வடிவம் திரும்பிவிடும். சூடு ஏற ஏற, கெரட்டினே உருக்குலையத் தொடங்குகிறது. பச்சை முட்டை வெந்தால் மறுபடி பச்சையாகாது. அதைப்போல, ஒரு கட்டத்தைத் தாண்டி வெந்த கெரட்டினும் திரும்பாது.

எல்லாவற்றையும்விட மோசமானது ஈர முடியில் தகடு வைப்பது. நனைந்த முடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதன்மேல் கொதிக்கும் தகடு பட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் கட்டும். குமிழ் இருக்கும் இடத்தில் முடி பொரி மாதிரி உப்பி, தொட்டால் முறியும். தகடு வைத்ததும் "சொய்ங்" என்று சத்தம் வந்து ஆவி பறந்தால், முடி முழுதாகக் காயவில்லை என்று அர்த்தம். அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். முகூர்த்த நாளில் விடியற்காலை 3 மணிக்குத் தலைக்குக் குளித்து, 4 மணிக்கு அலங்காரத்துக்கு உட்காரும் மணப்பெண்ணுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். முதல் நாள் மாலையே தலைக்குக் குளித்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

ஹேர் டிரையரை ஸ்ட்ரெய்ட்டனரோடு சேர்த்துத் திட்ட வேண்டியதில்லை. 2011-இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைத்தபோது மேற்பரப்பில் பெரிய சேதம் இல்லை. கிட்டே கொண்டுபோகப் போகத்தான் செதில்கள் கெட்டன. தானாகக் காயவிட்ட முடியிலும், நெடுநேரம் ஈரமாகவே கிடந்ததால் செதில்களுக்கு நடுவில் இருக்கும் ஒட்டுப்பொருள் உப்பிச் சேதமானதை அவர்கள் கண்டார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் குளித்த முடி சாயங்காலம் வரை ஈரமாகக் கிடக்கும் டெல்டாவுக்கு இது பொருந்தும் செய்தி.

## தண்ணீரையும் பார்க்க வேண்டும்

சூட்டில் கெட்ட முடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்தில் அப்படி விட முடியாது.

ஆற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. போர் தண்ணீரில் மண்ணிலும் பாறையிலும் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும் கூடுதல். இதைத்தான் கடினநீர் என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது; வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கடலை நெருங்க நெருங்க, கடல்நீர் உட்புகுந்த நிலத்தடி நீரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. குடிக்கக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரும், குளிக்க வாசல் போர் தண்ணீரும் என்பதுதான் அங்கே பல வீடுகளின் ஏற்பாடு.

சூட்டாலும் சாயத்தாலும் கெட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கூடியிருக்கும். கால்சியம் நேர்மின்னேற்றம் உள்ளது. ஆகவே நல்ல முடியைவிடக் கெட்ட முடியில் அது அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் இன்னும் மோசம்: சோப்பும் கால்சியமும் சேர்ந்து அலசினாலும் போகாத வெள்ளைக் கசடாகப் படியும். கடினநீரால்தான் முடி கொட்டுகிறது என்று சொல்ல உறுதியான சான்று கிடையாது. சொரசொரப்பும் சிக்கும் கூடுகிறது என்பது உண்மை. சிக்கு கூடினால் சீப்பில் முறிவதும் கூடும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு, ஒன்றில் குடிக்கும் தண்ணீர், இன்னொன்றில் குளிக்கும் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சுரண்டி ஒரே அளவு போட்டு, ஒரே மாதிரி குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கடினநீரில் நுரை சட்டென்று அடங்கி, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் சுண்ணாம்பு அடை பிடித்திருந்தால் அதுவே பெரிய சாட்சி.

தீர்வு எளிது. தலைக்குக் குளித்து முடிக்கும்போது, கடைசி இரண்டு மூன்று குவளை மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் போதும். முழுக் குளியலுக்கும் வேண்டாம். மழைக்காலத்தில் மாடியில் பிடித்த சுத்தமான மழைநீர் இதற்கு அருமையானது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும், உப்பு மட்டும் போகாது. ஒன்றைச் செய்யவே கூடாது: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தலைக்கு ஊற்றுவது. வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில் சில வீடுகளில் செய்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். தரை துடைக்க அது போதும்.

## உதிர்கிறதா, முறிகிறதா?

சிகிச்சையைத் தொடங்கும் முன் சீப்பில் வந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளை உருண்டை இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது இயற்கை. உருண்டை இல்லாமல், துண்டு துண்டாக, நீளம் குறைந்து வந்தால் அது முறிந்த முடி. தண்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி தெரிந்து, விரலால் லேசாக வளைத்ததும் அந்த இடத்தில் ஒடிந்தால், சூடும் இழுப்பும் செய்த வேலை அது.

இந்தக் கட்டுரையில் சொல்லும் பராமரிப்பு முறிவதற்குத்தான். வேரோடு கொத்துக் கொத்தாக வந்தால் காரணம் உள்ளே இருக்கிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி அதிகமாக உதிர்வது உண்டு. ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு இருந்தாலும் உதிரும். அதற்கு எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## வழக்கத்தை மாற்றும் வரிசை

1. முதலில் சூட்டை நிறுத்துங்கள். மூன்று மாதம் ஸ்ட்ரெய்ட்டனர், கர்லர் இரண்டையும் பெட்டியில் வையுங்கள். விசேஷத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், முழுதாகக் காய்ந்த முடியில், வெப்பத் தடுப்பு சீரம் போட்டு, இருப்பதிலேயே குறைந்த சூட்டில், ஒரு பகுதிக்கு ஒரே இழுப்பு. சாம்பிராணி போடுகிறவர்கள் தணலுக்கு நேராகக் கூந்தலை விரிக்க வேண்டாம். வாசம் பிடிக்கச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலே போதும்.

2. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய். 2003-இல் வந்த ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காரணம் தெளிவானது: இதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, ஆகவே முடித்தண்டுக்குள் நுழைகிறது, தண்ணீர் அளவுக்கு மீறிப் புகுவதைத் தடுக்கிறது. நல்லெண்ணெய் பெரும்பாலும் மேலே வழவழப்பைத் தரும். எண்ணெய் தலை உச்சியில் வழிய வேண்டியதில்லை. தோளுக்குக் கீழே உள்ள முடிக்கு, முக்கியமாக நுனிக்கு, ஒரு மணி நேரம் முன்பே பூசினால் போதும். தலையில் பொடுகு இருந்தால் தோலில் எண்ணெய் தேய்க்காமல் முடிக்கு மட்டும் பூசலாம்.

3. தோலுக்கு ஷாம்பு, நுனிக்கு கண்டிஷனர். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். வழிந்து வரும் நுரையே கீழே உள்ள முடிக்குப் போதும். சடையைச் சுருட்டி உச்சியில் வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கினால் செதில்கள் எழும்பும், சிக்கு இறுகும். கண்டிஷனர் இதற்கு நேர் எதிர். காதுக்குக் கீழே மட்டும். அதில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள் கெட்ட இடத்தில்தான் கூடுதலாக ஒட்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பெரிய பல் சீப்பால் அப்போதே சிக்கெடுத்து, அலசிவிடுங்கள். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு தலைக்குளியலிலும் தவறாமல் போடுவதுதான் பலன் தரும்.

4. துண்டு. தடித்த டர்க்கி டவலால் பரபரவென்று தேய்ப்பதைவிட, நம் ஈரிழைத் துண்டு எவ்வளவோ மேல். முடியைத் துண்டுக்குள் வைத்து அழுத்தி எடுங்கள், முறுக்க வேண்டாம். கால் மணி நேரம் சுற்றிவைத்து, அப்புறம் பிரித்து விரல்களால் கோதி விடுங்கள்.

5. சிக்கு எடுப்பது கீழிருந்து மேலே. நுனியில் ஒரு சாண், பிறகு அதற்கு மேல், கடைசியாக வேரிலிருந்து. ஈர முடி இழுத்தால் நீளும், நீண்டால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஈரத்தோடு இறுக்கிப் பின்னுவதையும் விடுங்கள்.

6. இரவில் தளர்வான ஒற்றைப் பின்னல், நுனியில் துணி ரிப்பன். விரித்துப் போட்டுத் தூங்கினால் தலையணையில் உரசி உரசியே பிசிறு கிளம்பும்.

## சீயக்காய், வெந்தயம், கஞ்சி

சீயக்காயில் நுரை தருவது சபோனின் என்ற இயற்கைப் பொருள். குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது, காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 9-க்கு மேல் போகும். காரம் செதில்களை எழுப்பும். சீயக்காய் லேசான புளிப்புப் பக்கம் நிற்பதால் செதில்கள் படிந்தே இருக்கும். பொடி நற நறவென்று இருந்தால் உரசும், காய்ந்த முடியில் மாட்டிக்கொண்டு வராமல் அழிச்சாட்டியம் பண்ணும். ஆகவே நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல வடித்த கஞ்சியில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். அரப்புக்கும் இதேதான்.

ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும் தருவது கொழகொழப்பு. அந்தக் கொழகொழப்பு முடியில் மெல்லிய பூச்சாகப் படிந்து சீப்பை வழுக்கவிடும். கண்டிஷனர் செய்யும் வேலையில் ஒரு பங்கு அது. உடைந்த முடியை ஒட்டவைக்காது என்றாலும், சிக்கு குறைந்தால் முறிவு குறையும். அந்த அளவில் உண்மையான உதவி.

அரிசித் தண்ணீருக்குத்தான் இப்போது பெரிய பேர். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டால் என்ன ஆகிறது? மடமடவென்று நிற்கிறது. முடியிலும் மாவுச்சத்து அதைத்தான் செய்யும். மெல்லிய முடிக்குக் கொஞ்சம் தடிப்புத் தோன்றும். ஏற்கெனவே காய்ந்து விறைத்த நீள முடியில், ஊற்றி அலசாமல் விட்டால் விறைப்பு கூடும். முடி நீளமாக வளரும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்ப்பதை அறவே தவிர்க்கலாம்.

## பார்லர் கெரட்டின் பற்றி

காய்ந்த முடிக்கு மருந்தாக ஸ்மூத்னிங், கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்று போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிரீமை நிலைநிறுத்தப் பயன்படுவதும் 200 டிகிரியைத் தாண்டும் தகடுதான். சூட்டால் வந்த காயத்துக்கு மேலும் சூடு. சில மாதம் வழவழவென்று இருக்கும்; பூச்சு போனதும் கீழே முன்பைவிடப் பலவீனமான முடி நிற்கும்.

உடல்நலமும் இதில் இருக்கிறது. இத்தகைய சில கிரீம்கள் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுகின்றன; அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. அது இல்லாதது என்று விற்கப்படும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 2024-இல் ஒரு முன்னணி அமெரிக்க மருத்துவ இதழில், அந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட விவரம் வெளியானது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்பதல்ல. ஆனால் கிரீமின் பெயரையும் சேர்மானப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படிப்பது உங்கள் உரிமை. காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

## வெட்டுவதற்கு ஒரு கணக்கு

பிளந்த நுனியை எந்தச் சீரமும் நிரந்தரமாக ஒட்டாது. விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும். ஆனால் இடுப்பளவு முடியை ஒரேயடியாக வெட்ட மனம் வராதுதான். அது வீம்பு அல்ல, பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

80 செ.மீ. முடியில் கடைசி 30 செ.மீ. கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் முடி குறைந்தது 3 செ.மீ. வளரும். அந்த மூன்று மாதத்துக்கு ஒரு முறை 2 செ.மீ. வெட்டினால், நீளம் குறையாது, 1 செ.மீ. கூடவே செய்யும். கெட்ட பகுதி முழுதும் போக 15 முறை, அதாவது ஏறத்தாழ நாலு வருடம். அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால், இன்றைக்கே 14 செ.மீ. எடுத்துவிட்டு மீதி 16-ஐ இதே கணக்கில் வெட்டினால் இரண்டு வருடம். முடி 66 செ.மீ.க்கு வந்து, அங்கிருந்து மெல்ல நீளும்.

அதற்குள் வீட்டில் கல்யாணம் வந்து, பூச்சடைக்கு நீளம் போதவில்லை என்றால் சவுரி வைத்துப் பின்னலாம். ஜடை அலங்காரத்துக்கு முடி நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மல்லிகையும் குஞ்சலமும் மூடிவிடும் இடத்தில் தகடு வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முகப்பில் தெரியும் நாலு கற்றையை மட்டும் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சரிசெய்து தரச் சொன்னால் போதும் என்று அலங்காரம் செய்ய வருகிறவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.